மருந்துத் துண்டில் எந்தப் பெயர்?

கண்டியில் மருந்து வாங்கிப் பழகியவர்களுக்கு ‘ஒசுசல’வைத் தெரியாமல் இராது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடை அது. அந்தக் கூட்டுத்தாபனத்துக்கு முதல் தலைவராக இருந்தவர் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதி. பெயர் சேனக பிபிலே. பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளோடு மோதிய வைத்தியர்கள் உலகில் பலர் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் மருந்துக் கொள்முதலையே கையில் எடுத்துக்கொண்டு மோதியவர்கள் மிகச் சிலர்.

மருந்துக் கம்பெனிகளை எதிர்க்கும் வைத்தியர் என்றதும் பலர் மனதில் எழும் உருவம் வேறு. ஊசி வேண்டாம், மாத்திரை எல்லாம் ஏமாற்று, என்னிடம் ஒரு பாணி இருக்கிறது என்பவரைத்தான் நினைக்கிறோம். 2020 டிசம்பரில் கேகாலைக்குப் பக்கத்தில் கொரோனாவுக்கு என்று ஒரு பாணி கொடுத்தார்களே, அதற்குக் கூடிய கூட்டம் கண்டிக்காரருக்கு மறந்திராது. அன்றைய சுகாதார அமைச்சரே அதைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று வந்தது. பிபிலே இந்த வகை ஆள் இல்லை. அவருடைய துறையே மருந்தியல். 1952இல் எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1958இல் இந்நாட்டின் முதலாவது மருந்தியல் பேராசிரியர் ஆனார். மருந்து வேலை செய்யும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அது என்ன பெயரில், என்ன விலையில், எத்தனை வேடத்தில் விற்கப்படுகிறது என்பதில்தான் அவருக்குத் தகராறு.

அதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். எந்த மருந்துக்கும் இரண்டு பெயர் உண்டு. உள்ளே இருக்கும் இரசாயனத்தின் பெயர் ஒன்று. அது உலகில் பெரும்பாலும் ஒன்றே. கம்பெனி சூட்டும் வர்த்தகப் பெயர் மற்றது. காய்ச்சலுக்கு நாம் கேட்டு வாங்கும் பனடோல் வர்த்தகப் பெயர், பரசிட்டமோல் பொதுப்பெயர். ஒரே பரசிட்டமோலைப் பத்துக் கம்பெனி பத்துப் பெயரில் விற்கலாம். வைத்தியர் துண்டில் வர்த்தகப் பெயரை எழுதிவிட்டால் நோயாளிக்குத் தெரிவு இல்லை, அந்தப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். கம்பெனிகள் வைத்தியர்களைத் தேடித் தேடி ஆள் அனுப்புவது இதற்காகத்தான். சாப்பிடுபவர் ஒருவர், காசு கொடுப்பவரும் அவரே, தெரிவு செய்பவர் மட்டும் இன்னொருவர். வேறு எந்த வியாபாரத்திலும் இப்படி ஒரு வசதி கிடைக்காது.

விலை ஏறுவதற்கு இன்னொரு வழியும் இருந்தது. கம்பெனியின் கொழும்புக் கிளை மூலப்பொருளைத் தன் தாய்க் கம்பெனியிடமே வாங்கும். விலையைத் தீர்மானிப்பதும் தாய்க் கம்பெனிதான். சந்தையில் அதே மூலப்பொருள் பல மடங்கு மலிவாகக் கிடைத்தாலும் கிளை வாங்காது. இலாபம் இங்கே கணக்கில் தெரியாமல், இறக்குமதிச் செலவு என்ற பெயரில் வெளியே போய்விடும். அந்நியச் செலாவணிக்கு நாடு திண்டாடிய எழுபதுகளில் இது சின்ன விஷயமாக இருக்கவில்லை.

1971இல் பிபிலேயும் கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்ரமசிங்கவும் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பிபிலே லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கத்தில் அந்தக் கட்சியும் இருந்தது. அறிக்கையின் சாரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தேவையான மருந்துகளை மட்டும் பட்டியலிடு, அவற்றைப் பொதுப்பெயரில் வாங்கு, வாங்குவதை ஒரே இடத்தில் வைத்து உலகம் முழுவதும் கேள்விப்பத்திரம் கோரு. அதற்காக அமைந்ததுதான் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம். தனியார் சந்தையில் 2,100 அளவில் இருந்த மருந்துகளின் பட்டியல் சுமார் 600 ஆகச் சுருங்கியது. வெட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே சரக்கின் வேறு வேறு பெயர்கள், தேவையற்ற கலவைகள். ஒரு நாடு முழுவதுக்கும் ஒரே ஆள் வாங்கப் போனால் விற்பவன் இறங்கி வருவான், வந்தான்.

எதிர்ப்பும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கம் பிரதமருக்கே எழுதியது. உள்ளூர் வைத்தியர்களிலும் ஒரு சாரார், மலிவு மருந்து தரமில்லாத மருந்து என்று முழங்கினார்கள்.

உச்சக்கட்டம் 1974இல் வந்தது. நாட்டில் கொலரா. அதற்குக் கொடுக்கும் டெட்ராசைக்கிளின் அவசரமாகத் தேவை. கூட்டுத்தாபனம் மூலப்பொருளை ஹெக்ஸ்ட் கம்பெனியிடமிருந்து மலிவாக இறக்கியிருந்தது. கூட்டில் அடைக்கும் இயந்திரம் பைசர் கம்பெனியின் உள்ளூர்த் தொழிற்சாலையில் இருந்தது. அடைத்துத் தா என்று கேட்டதற்கு பைசர் மறுத்துவிட்டது. அப்படியானால் தொழிற்சாலையை அரசுடைமையாக்குவோம் என்று பேச்சு எழுந்தது. அமெரிக்கத் தூதுவர் பிரதமரைச் சந்தித்தார். பேச்சு அத்தோடு அடங்கியது. கொலரா மாத்திரை அதிக விலைக்கு விமானத்தில் வந்து இறங்கியது. பிபிலே கதையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இந்த இடம்தான். மருந்தியல் தெரிந்தவர் பக்கம் நியாயம் இருந்தது, இயந்திரம் மற்றப் பக்கம் இருந்தது.

சமசமாஜிகள் 1975இல் அரசாங்கத்திலிருந்து வெளியேறினார்கள். 1977இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்து, தனியார் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் பணிக்காகச் சென்ற கயானாவில் பிபிலே இறந்தார். வயது 57. அந்த மரணத்தைப் பற்றிச் சந்தேகம் கிளப்புபவர்கள் இன்றும் உண்டு. நிரூபணமான எதையும் நான் கண்டதில்லை, ஆகவே அதற்குள் இறங்கப் போவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான். 1982இல் பங்களாதேஷ், ஜஃபருல்லா சௌத்ரி என்ற வைத்தியரின் உந்துதலோடு, இதே திசையில் இன்னும் துணிந்து போனது. இலங்கையில் இந்தக் கொள்கைக்குச் சட்டம் வருவதற்கு 2015 ஆனது. அந்த ஆண்டின் சட்டத்தால்தான் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதித்தார்கள்.

இனி, எதிர்த்தரப்பின் கேள்விக்கு வருவோம். மலிவு மருந்து தரமாக இருக்குமா? கம்பெனிக்காரன் கேட்டான் என்பதற்காக அது மோசமான கேள்வி ஆகிவிடாது. பொதுப்பெயர் மருந்து நல்லதா இல்லையா என்பது பெயரைப் பொறுத்ததல்ல, அதைச் சோதித்தார்களா என்பதைப் பொறுத்தது. சொன்ன அளவு மருந்து மாத்திரையில் இருக்கிறதா, வயிற்றில் உரிய நேரத்தில் கரைகிறதா, இரத்தத்தில் மூல மருந்தின் அளவுக்கே ஏறுகிறதா என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குகிறது. வந்த சரக்கின் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே வெளியே விடுவது அதன் நடைமுறை. பொதுப்பெயர்க் கொள்கை நடப்பது இந்தக் காலில்தான்.

நம்மிடம் அந்தக் கால் நொண்டுகிறது. 2022 மார்ச்சில் மருந்து இல்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. இந்திய வெளியுறவு அமைச்சர் கவலை தெரிவிக்கும் அளவுக்கு அது செய்தியானது. அதன் பிறகு அவசரக் கொள்வனவு என்ற பெயரில் வழமையான சோதனைகளைத் தாண்டி மருந்து வந்தது. 2023இல் அதே வைத்தியசாலையில் ஊசி மருந்து ஏற்றப்பட்ட ஓர் இளம் பெண் இறந்தபோது, மருந்தின் தரம் பற்றிய பயம் வார்டுகளுக்கு வெளியேயும் பரவியது. தரமற்ற இமியூனோகுளோபியூலின் வாங்கிய விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் கைதானவர் முன்னாள் சுகாதார அமைச்சர், கண்டி மாவட்டத்து ஆள். ஒரே இடத்தில் வாங்கினால் விலை இறங்கும் என்று பிபிலே காட்டினார். ஒரே இடத்தில் வாங்கினால் களவும் ஒரே இடத்தில் சேரலாம் என்பதை நாம் பார்த்தோம்.

பிபிலேயின் பெயரைச் சொல்லி ஆங்கில மருந்தே வேண்டாம் என்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். அவர் பாடம் எடுத்த மாணவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

நோயாளி செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. துண்டில் மருந்தின் பொதுப்பெயரும் எழுதித் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. பாமசியில் அதே பொதுப்பெயரில் குறைந்த விலையில் வேறு இருக்கிறதா என்று மருந்தாளரிடம் விசாரியுங்கள். தோட்டத்திலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு கிளினிக்குக்கு வருகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிசு. சில மருந்துகளில் மட்டும் கவனம் தேவை: வலிப்பு மாத்திரை, தைரொக்சின், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வோபரின். இவற்றில் அளவு சற்று மாறினாலும் உடம்பு காட்டிவிடும். எந்தக் கம்பெனியுடையதைப் பழகினீர்களோ அதையே தொடருங்கள். மாற்றுவதானால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.