இஸ்திரி வண்டிக்குச் சூரியன் துணை!

காலையில் துணியை மூட்டை கட்டிக் கொடுக்கிறோம். மாலையில் மடிப்புக் கலையாமல் வீடு வந்து சேருகிறது. உருப்படியை எண்ணிப் பார்த்துக் காசைக் கொடுக்கிறோம். இஸ்திரி வண்டியைப் பற்றி இதற்கு மேல் நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

ஒரு சிறுமி யோசித்தாள், சகோதரிகளே! அந்த யோசனை ஸ்வீடன் வரைக்கும், ஸ்காட்லாந்து வரைக்கும் போய் வந்துவிட்டது. அவள் எங்கோ இருப்பவளும் அல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம் செங்கல்பட்டிலிருந்து கிரிவலத்துக்குப் பஸ் ஏறுகிறோமே, அந்தத் திருவண்ணாமலைப் பெண்தான். பெயர் வினிஷா உமாசங்கர்.

அப்போது அவளுக்கு 12 வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், இஸ்திரி போடுகிறவர் எரிந்து முடிந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்தாள். நாம் என்றால் புடவையில் சாம்பல் படாமல் ஒதுங்கிப் போயிருப்போம். அவளோ, ‘இவ்வளவு கரி எங்கிருந்து வருகிறது? இந்தப் புகை எங்கே போகிறது?’ என்று கேட்க ஆரம்பித்தாள்.

எங்கள் தெருக்கோடியில் புங்கமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் அக்காவிடம் நானும் இதே கேள்வியைக் கேட்டேன்.

“நாளைக்கு அஞ்சு கிலோ கிட்ட போவுதும்மா. கல்யாண மாசம்னா இன்னும் ஜாஸ்தி. மழையில கரி நமுத்துப் போச்சுன்னா ஊதி ஊதியே தொண்டை கட்டிக்கும். ராத்திரி படுத்தா ஒரே இருமல்” என்றார்.

“கரண்டுப் பெட்டி வச்சுக்கக் கூடாதாக்கா?”

“நல்லா கேட்டீங்க போங்க! மரத்தடியில ஏதும்மா பிளக்கு?”

வண்டிக்குக் கீழே தூளியில் அவருடைய பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு மேலே பேச வாய் வரவில்லை.

கரி செய்யும் கேடு

தணல் கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வெளியாகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கூடவே வரும் நுண்ணிய தூசி நேராக நுரையீரலில் போய்த் தங்கிவிடும். நாள் முழுக்க அதன் முன்னால் நிற்பவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். அந்த ஒரு கிலோ கரிக்காக வெட்டி மூட்டம் போடும் விறகோ பல கிலோ! மரம் குறைகிறது, புகை கூடுகிறது, பூமி சூடாகிறது.

இளம் தாய்மார்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குழந்தையைக் குளிப்பாட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. குழந்தை வைத்தியர்கள் அது வேண்டாம் என்கிறார்கள். பிஞ்சு நுரையீரல் அந்தப் புகையைத் தாங்காது. மெல்லிய துணியால் தலையை ஒற்றித் துவட்டினாலே போதும். மழைக் காலத்தில் குளிருக்காகப் படுக்கையறையில் கரியடுப்பு வைத்துக்கொண்டு தூங்குவதும் கூடவே கூடாது. உயிருக்கே ஆபத்து.

அவள் செய்த வண்டி

வினிஷா புத்தகங்களைப் படித்து, படம் வரைந்து, ஒரு வண்டியை வடிவமைத்தாள். வண்டியின் கூரைதான் சூரியத் தகடு. அதில் விழும் வெயில் மின்சாரமாகிப் பேட்டரியில் சேருகிறது. இஸ்திரிப் பெட்டி அந்த மின்சாரத்தில் சூடாகிறது. 5 மணி நேரம் வெயில் அடித்தால் 6 மணி நேரம் பெட்டி போடலாம். மழை மூட்டம் உள்ள நாளில் பேட்டரியைக் கரண்டில் சார்ஜ் செய்துகொள்ளலாம். சைக்கிள் போல மிதித்துத் தெருத் தெருவாகவும் போகலாம். செல்போன் சார்ஜ் செய்து கொடுத்து நாலு காசு கூடச் சம்பாதிக்க வசதி வைத்திருக்கிறாள். பிழைப்பு நடத்துகிறவரின் பக்கம் நின்று யோசித்திருக்கிறாள், பாருங்கள்!

தேசியப் புத்தாக்க நிறுவனம் இதற்கு 2019-ல் டாக்டர் அப்துல் கலாம் பெயரிலான ‘இக்னைட்’ விருதைக் கொடுத்து, மாதிரி வண்டியைச் செய்யவும் உதவியது. 2020 நவம்பரில் ஸ்வீடன் நாட்டின் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு கிடைத்தது. உலகத்துச் சிறுவர் சிறுமியர் போட்டியிடும் பரிசு அது. பரிசுத் தொகை ஒரு லட்சம் ஸ்வீடன் குரோனர். கொரோனா காலமானதால் வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாகப் பெற்றுக்கொண்டாள். 2021-ல் இங்கிலாந்து இளவரசர் வில்லியம் தொடங்கிய ‘எர்த்ஷாட்’ பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வான 15 பேரில் அவளும் ஒருத்தி. அங்கே பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் என்ன? அதே ஆண்டு நவம்பர் 2-ம் தேதி கிளாஸ்கோவில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டில், பெரிய பெரிய தலைவர்கள் முன்னால் பேசினாள், 14 வயதில்! வெற்று வாக்குறுதிகளைக் கேட்டு எங்கள் தலைமுறைக்குக் கோபம் வருகிறது. ஆனால் கோபப்பட எனக்கு நேரமில்லை, செயலில் இறங்க வேண்டும் என்ற பொருள்படச் சொன்னாள்.

நம் கடலோரத்தில்

நம் மாவட்டமும் இதில் சளைத்ததல்ல. 2023 பிப்ரவரி 19-ம் தேதி, மாமல்லபுரத்துக்கு அருகே பட்டிப்புலம் கடற்கரையிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அதில் இருந்த 150 குட்டிச் செயற்கைக்கோள்களும் பள்ளிப் பிள்ளைகள் செய்தவை! வளிமண்டலத்தின் நிலையை அறிவதற்காக அனுப்பினார்கள். வலை காயவைக்கும் மணலிலிருந்து பிள்ளைகளின் கைவேலை வானத்துக்குப் போனது என்றால் நமக்குப் பெருமைதானே?

நாம் என்ன செய்யலாம்?

சூரிய வண்டி எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் அடுப்பு மூட்டுகிறவர் மொத்தப் பணத்துக்கு எங்கே போவார்? நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதற்குக் கடன் ஏற்பாடு செய்து தரலாமே! அதுவரை, தினமும் உடுத்தும் உள்பாவாடை, தலையணை உறைகளுக்கெல்லாம் பெட்டி போடாமல், ஈரத்திலேயே நன்றாக உதறி நீவிக் காயப்போடலாம். தேய்க்கக் கொடுக்கும் துணிக்கோ பேரம் பேசாமல் கூலியைக் கொடுப்போம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. “இது ஏன் இப்படி?” என்று பெண் குழந்தை கேட்டால், “உனக்கெதுக்கு அந்தக் கவலை? போய்ப் பாடத்தைப் படி” என்று அடக்கிவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால், “வா, இரண்டு பேருமாகக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்” என்று சொல்லுங்கள். அதற்குக் காசா, பணமா?