ஊழும் ஓடிப்போன வண்டியும்

மெக்சிக்கோ நாட்டு இயக்குநர் அலெகாந்த்ரோ இன்யாரித்து 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடுத்த ‘21 கிராம்ஸ்’ என்னும் திரைப்படம், முன்பின் அறியாத மூவரை ஒரு சாலை விபத்தால் பிணைக்கிறது. இதயம் பழுதுற்றுச் சாவை எதிர்நோக்கியிருக்கும் கணிதப் பேராசிரியர் பால் ஒருவர். கணவனோடும் இரு பெண்மக்களோடும் வாழும் கிறிஸ்டினா மற்றொருவர். சிறை சென்று மீண்டு, கிறித்தவ நெறியில் திருந்திய ஜாக் மூன்றாமவன். ஜாக்கின் வண்டி மோதிக் கிறிஸ்டினாவின் கணவனும் குழந்தைகளும் மாய்கின்றனர்; அக்கணவனின் இதயம் பாலுக்குப் பொருத்தப்படுகிறது. மனிதருக்கு இதய மாற்று முதன்முதல் நடந்த 1967க்கு முன்னர் இது வெறுங் கற்பனையாகவே இருந்திருக்கும்.

கதை நிகழ்ந்த வரிசையில் சொல்லப்படவில்லை. கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டுப்போல் முன்பின்னாக வருகிறது. தொடக்கத்தில் ஒன்றும் விளங்காமல் நானும் சலித்துக்கொண்டேன். ஆயினும் இதனால் ஒரு பயன் உண்டு. ஜாக் செய்தது இன்னதென்று முழுதும் அறியுமுன்னரே அவனை ஒரு தந்தையாகப் பார்த்துவிடுகிறோம். விபத்தையோ படம் காட்டுவதேயில்லை. ஓர் இளைஞன் காற்றுக் கருவியால் சருகுகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். தந்தையும் மக்களும் கடந்து செல்கின்றனர், வண்டி விரைகிறது, ஓசை கேட்கிறது, அவன் கருவியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். அவ்வளவே.

சிலப்பதிகாரம் நடத்திப் பழகிய நமக்கு ‘ஊழ்’ என்னும் சொல் உடனே நாவில் எழும். ஜாக்கும் ஏறக்குறைய அதையே சொல்கிறான். பரிசுக் குலுக்கலில் கிடைத்த அவ்வண்டியை இயேசுவே தந்தார் என்று நம்பியிருந்தவன் அவன். கொடுத்தவரே கொல்லவும் வைத்தாரே என்று பின்னர்க் கொதிக்கிறான். ஆனால், மோதியபின் அவன் நிற்கவில்லை. உடனே உதவி கிடைத்திருந்தால் ஒரு குழந்தையேனும் பிழைத்திருக்கும் என்று தாய் கதறுகிறாள். மோதியதை ஊழின்மேல் ஏற்றலாம். நில்லாமல் போனதை எதன்மேல் ஏற்றுவது?

படத்தின் பெயர்க் காரணம் இதனினும் எளிது. மெக்டூகல் என்னும் அமெரிக்க மருத்துவர், இறக்கும் நோயாளிகளை எடையிட்டு, உயிரின் நிறை ஏறத்தாழ 21 கிராம் என 1907இல் எழுதினார். அறிவியல் அதனை ஏற்கவில்லை. படத்துக்கு அழகிய பெயராயிற்று; அதற்குமேல் அதில் பொருள் தேடவேண்டியதில்லை.

பாலின் நிலைதான் விந்தையானது. யார் இதயம் தம்முள் துடிக்கிறது என்று தேடிச் சென்று, அவன் மனைவியையே காதலிக்கிறார். அவள் பழிவாங்கத் துடிக்கிறாள். துப்பாக்கியோடு ஜாக்கைப் பாலைநிலத்துக்கு இழுத்துச் சென்றும் அவரால் கொல்ல இயலவில்லை. பின்னர் ஜாக்கே அவர்கள் அறைக்கு வந்து தன்னைக் கொன்றுவிடும்படி கேட்கிறான். கைகலப்பில் பால் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார். அவரைச் சுட்டவன் நானே என்று ஜாக் காவலரிடம் ஒப்புக்கொள்கிறான். அவர்கள் நம்பவில்லை, விடுவித்துவிடுகின்றனர்.