455 குடும்பங்களின் கூடை

நுகர்வோர் நடத்தை ஆய்வு என்றதும், அது சவர்க்காரமும் பற்பசையும் விற்கும் கம்பனிகளின் வேலை என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் மக்கள் எதை, எவ்வளவு, ஏன் வாங்குகிறார்கள் என்ற அந்தக் கேள்விக்கும் நம் சம்பளத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. கொழும்பே அதற்குச் சான்று.

1949/50 இல் கொழும்பில் 455 தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு ஆராயப்பட்டது. அவர்கள் வாங்கியவற்றை ஒரு கூடையாகக் கொண்டு, 1952 ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் உருவானது. அதே கூடையை வாங்க இந்த மாதம் எவ்வளவு கூடுதலாகச் செல்லும் என்று காட்டுவதே சுட்டெண். வாழ்க்கைச் செலவுப் படி பல இடங்களில் அதைக் கொண்டே கணிக்கப்பட்டது.

அந்தக் கூடையில் உணவின் பங்கு 61.9 வீதம். வருமானம் குறையக் குறையச் செலவில் உணவின் பங்கு கூடும் என்று ஜேர்மன் புள்ளிவிபரவியலாளர் ஏர்ன்ஸ்ட் ஏங்கல் 1857 இலேயே காட்டியிருந்தார். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்கில் அவர் கண்டதும் கொழும்பில் கண்டதும் ஒன்றுதான்.

வியப்பு என்னவென்றால், இந்தச் சுட்டெண்தான் 2007 வரை அதிகாரபூர்வமாக இருந்தது. இடையில் 1979 இல் தொலைக்காட்சி வந்தது. பிறகு ரியூசன் செலவு, கையடக்கத் தொலைபேசி எல்லாம் வந்தன. சுட்டெண்ணின் கணக்கு மட்டும் பழைய சமையலறையிலேயே நின்றது. ஆய்வுக்கும் பஞ்சமில்லை. மத்திய வங்கி 1953 முதல் நுகர்வோர் நிதி ஆய்வுகளை நடத்தி வந்தது. அறிந்தது ஒரு பக்கம், அளந்தது ஒரு பக்கம்.

2021 ஐ அடிப்படையாகக் கொண்ட இன்றைய சுட்டெண்ணில் உணவின் பங்கு ஏறத்தாழ 26 வீதம். அப்படியானால் எல்லாரும் வசதியாகிவிட்டோமா? இல்லை. அன்று அளந்தது தொழிலாளர் வீடுகளை. இன்று அளப்பது கொழும்பு மாவட்ட நகர்ப்புற வீடுகள் அனைத்தையும். வெள்ளவத்தை மாடிவீடும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்து ஒற்றை அறையும் ஒரே சராசரிக்குள் அடங்குகின்றன. அத்துடன் இந்தக் கூடை 2019 ஆம் ஆண்டின் வீட்டுச் செலவு ஆய்விலிருந்து வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது, பால்மாவை விட்டுப் பிளேன்டீக்கு மாறிய வீடுகளை அது எப்படி அறியும்? "நோம்பு மாசத்துக் கணக்கே வேற" என்று நம் பெண்கள் சொல்வார்கள். ஆண்டுச் சராசரியில் அந்த மாதமும் கரைந்துவிடும்.

இனி வரும் ஆய்வு வீட்டுக் கதவைத் தட்டாது. சுப்பர்மார்க்கட் பில்லும் கையிலுள்ள போனும் நாம் வாங்குவதை அந்தந்த நொடியிலேயே பதிகின்றன. இத்தகைய தரவுகளைக் காக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. தரவு திருட்டுப்போவது ஒரு கவலை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, தரவிலேயே இல்லாமற் போகிறவர்களைப் பற்றியது. முடுக்குக் கடையில் கடன் கொப்பியில் எழுதி, ஐம்பது கிராம் சீனி வாங்குபவரை எந்தக் கணினி காணும்?

ஆகவே, கணக்கெடுக்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். நிற்கவைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கடனையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளைய படியும் நிவாரணமும் அந்தத் தாளை வைத்துத்தான் பேசப்படும்.