மன்னார் வாயுவும் நைஜீரியாவின் பாடமும்

2022 இல் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் காத்து நின்றதைக் கலகெதர மக்கள் மட்டுமன்றி, நாட்டில் எவருமே மறந்திருக்க மாட்டார்கள். மன்னார் கடற்படுகையின் வளத்தை எடுத்துவிட்டால் அந்நிலை மீண்டும் வராது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது முற்றிலும் சரியானதன்று.

2011 இல் கெய்ர்ன் நிறுவனம் அங்கு கண்டறிந்தது இயற்கை வாயுவையே. அது மின்னுற்பத்திக்கு உகந்தது. முச்சக்கரவண்டிக்குப் பெற்றோல் தராது. கடலடிக் குழாய்வழியும், வாயுவைப் பயன்படுத்தும் மின்நிலையங்களும் அதற்கு அவசியம். வாயு எடுக்கப்படாமலே 2015 இல் கெய்ர்ன் வெளியேறியது. வாயுவுக்கு மாற்றத்தக்கதாக அமைக்கப்பட்ட கெரவலப்பிட்டிய யுகதனவி நிலையமோ எண்ணெயிலேயே இயங்கி வந்துள்ளது.

எண்ணெய் கிடைத்தாலும் கவலை தீராது என்பதற்கு நைஜீரியா சான்று. 1956 இல் எண்ணெய் கண்ட அந்நாடு, 1971 இல் ஒபெக்கிலும் இணைந்தது. ஆயினும் அரச சுத்திகரிப்பு நிலையங்கள் பராமரிப்பின்றிச் சீர்குலைந்தமையால், மசகு எண்ணெயை ஏற்றுமதி செய்துகொண்டே பெற்றோலைப் பல்லாண்டுகள் இறக்குமதி செய்தது. விலையைக் குறைவாக வைத்திருக்க வழங்கிய மானியம் திறைசேரியை அரித்தது. 2023 மே மாத இறுதியில் அது நீக்கப்பட்டதும் விலை ஏறக்குறைய மும்மடங்காகியது. சுமை ஏழைகளின் தலையில் விழுந்தது. 2024 இல் டங்கோட்டே தனியார் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே உள்நாட்டுச் சுத்திகரிப்பு மீண்டும் வலுப்பெற்றது.

1969 இல் தொடங்கப்பட்ட எமது சப்புகஸ்கந்த நிலையமும் டொலர் பற்றாக்குறையால் 2021 நவம்பரில் மூடப்பட்டதை நாம் அறிவோம். எனவே, மன்னாரில் மீண்டும் துளையிடுவதற்கு முன், வாயுவை எங்கு, எவ்விலையில், யார் பயன்படுத்துவர் என்பதை அரசு மக்களுக்குத் தெளிவுபடுத்த வேண்டும். வருமானத்தின் கணக்கும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.