பட்டு நூல் எச்சத்தில் வாயில் தோரணம்

புரட்டாசி வளர்பிறையில் நவராத்திரி தொடங்கிக் கார்த்திகைத் தீபம் முடியும் வரையில் நம் இல்லங்களில் அலங்காரத்திற்குக் குறைவில்லை. குளிர் நாடுகளில் இப்பருவம் இலையுதிர் காலம்; பழுத்துச் சிவந்த மேப்பிள் இலைகளையும் பூசணிக்காயையும் கொண்டு அங்குள்ளோர் வாயிலை அணி செய்வர். நமக்கோ இது மழைக்காலம். நம் கைக்கெட்டுவன மாவிலையும் தென்னங் குருத்தோலையுமே. அவை அழகியவை, ஆயினும் இரண்டொரு நாளில் வாடிவிடும். ஆரணிப் பட்டு வட்டாரத்தைச் சேர்ந்த பெரணமல்லூர் போன்ற ஊர்களில் வாடாத பொருளொன்றும் உண்டு. அது தறியில் எஞ்சும் பட்டு நூல்.

நெசவாளர் இல்லங்களுக்கு ஐப்பசி மாதம் இருமுகம் காட்டும். தீபாவளிக்குச் சேலை கேட்போர் மிகுவர். அதே வேளையில் தெருவில் பாவு விரிக்க மழை இடங்கொடாது, குழித்தறியிலும் ஈரம் ஏறும். தறி நிற்கும் அந்நாள்களில் வீட்டுப் பெண்டிர் சிறு வருவாய் தேட இக்கைவேலை உதவக்கூடும்.

பாவு முழுவதையும் நெய்து முடித்தல் இயலாது. அச்சுக்கும் விழுதுக்கும் பின்னே நிற்கும் இழைகளுக்கு ஊடை எட்டாது. பெரும்பாலும் புதிய பாவை இவற்றோடு ஒவ்வோர் இழையாகப் பிணைத்துக்கொள்வர். அவ்வாறு பிணைக்காது கழிப்பனவும், அறுந்த இழையை முடியும்போது விழும் துணுக்குகளுமே நமக்கு வேண்டுவன. பாவு கூட்டுறவுச் சங்கத்திற்கோ முதலாளிக்கோ உரியதாயின் எச்சத்தையும் கேட்டுப் பெறுதலே முறை. சரிகைத் துணுக்கைத் தோரணத்தில் சேர்க்க வேண்டா. அசல் சரிகையில் வெள்ளி இருக்கிறது. அதனைத் தனியே சேர்த்து விற்பதே இலாபம்.

மூன்றடி அகல வாயிலுக்குப் பருத்தி நூலை முறுக்கி நாலரை அடிக் கயிறு செய்துகொள்க. இரு முனையிலும் முக்கால் அடி கட்டுவதற்கு விட்டு, நடுவிலுள்ள மூன்றடியில் மூன்று அங்குலத்திற்கு ஒன்றாகப் பதினொரு குஞ்சங்கள் அமைக்கலாம்; முதற்குஞ்சம் ஓரத்திலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிற்கும். எட்டங்குல நீள இழைகளை எழுதுகோல் பருமனுக்குத் திரட்டிக் கயிற்றின்மேல் நடுவாக மடித்துப் போடுக. மடிப்பிற்கு அரை அங்குலம் கீழே வேற்று நிற நூலால் பன்னிரண்டு சுற்று இறுகச் சுற்றி முடிக. பின்னர்ச் சீப்பால் வாரி, அட்டையொன்றை வைத்து அடியைச் சமமாகக் கத்தரிக்கவும். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயிற்கழுத்து நிறம் ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்தால் சேலைக் கரையின் பொலிவு தோன்றும். தொடங்குமுன் ஈர வெள்ளைத் துணியில் இழையை அழுத்திப் பார்த்துக்கொள்க. சாயம் ஒட்டினால் அந்நூல் மழைச்சாரல் படும் வாயிலுக்கு ஆகாது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நம் பண்டிகைகள் விளக்கேற்றும் பண்டிகைகள். பட்டுப்போல் மினுக்கும் செயற்கை நூல்கள் இன்று எங்கும் மலிந்துள்ளன. ஐயமிருப்பின், திறந்த வெளியில் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு, ஓரிழையை இடுக்கியாற் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். அசல் பட்டு மயிர் கருகும் நாற்றம் வீசும். நெருப்பை அகற்றினால் பெரும்பாலும் தானே அவியும். சாம்பல் விரலில் பொடியும். ரேயான் காகிதம்போல் எரிந்து போகும். பாலியெஸ்டரோ உருகிக் கெட்டி மணியாகும். அச்சொட்டு தோலில் விழுந்தால் புண்படுத்தும். பட்டேயாயினும் கயிறு பருத்தியாதலால், அகல் விளக்கிற்கு நேர்மேலே தோரணம் தொங்கலாகாது. பிறையில் விளக்கு வைக்கும் வீடுகளில் இதனை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விற்பனைக்குச் செய்யும் மகளிர் சுய உதவிக் குழுவினர், நூல் இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகக் கூலியைக் கணக்கில் சேர்க்காது விலை கூறிவிடுகின்றனர். இத்தவறு பெரிது. சிக்கெடுக்கும் நேரமே குஞ்சம் கட்டும் நேரத்தை மிஞ்சும். முதல் தோரணத்தைக் கடிகாரம் பார்த்துச் செய்து, செலவான மணிக்குரிய கூலியோடு கயிற்று விலையையும் கூட்டிய பின்னரே விலை கூறுக.

வெயில் பட்டை வெளிறச் செய்து நலிவிக்கும். ஆதலின் கார்த்திகை கழிந்ததும் தோரணத்தைக் கழற்றித் தூசி தட்டி, நிழலில் நன்கு உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கவும். இடையிடையே எடுத்துக் காற்றாட விட்டால் பூச்சி அண்டாது. அடுத்த கொலுவிற்கும் அதே தோரணம் உதவும்.