பல்லின் கதை – 14: இடம் எங்கிருந்து வரும்?

"சூத்தையே இல்லாத பல்லை ஏன் டொக்டர் புடுங்கோணும்? கம்பி கட்டத்தானே கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்."

யாழ்ப்பாணத்தில் பல் சீரமைக்கும் கிளினிக் எதிலும் காதில் விழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். கம்பி பல்லை நகர்த்தும். ஆனால் நகர்வதற்கு இடம் வேண்டுமே!

வைத்தியர் முதலில் போடுவது ஒரு கழித்தல் கணக்கு. வாயை அச்செடுத்து, பற்களின் அகலத்தை ஒவ்வொன்றாக அளந்து கூட்டுகிறார். பிறகு தாடை வளைவின் நீளத்தை எடுக்கிறார். இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீற்றர் குறைகிறதோ, அவ்வளவு இடத்தைத் தேட வேண்டும்.

4 மில்லிமீற்றருக்குள் என்றால் பெரும்பாலும் புடுங்காமலே சமாளிக்கலாம். வைரத்தூள் ஒட்டிய மெல்லிய பட்டியை இரண்டு பல்லுக்கு இடையில் விட்டு உரசுவார்கள். ஒரு பல்லின் பக்கத்தில் கால் மில்லிமீற்றர், இரண்டு பல்லிலுமாக அரை மில்லிமீற்றர். கீழ் முன்பற்கள் ஆறுக்கும் நடுவே ஐந்து சந்துகள், ஆக 2.5 மில்லிமீற்றர் கிடைத்துவிடும். எனாமலில் நரம்பு இல்லை, அதனால் வலியும் இல்லை. ஆனாலும் அந்தக் கரகரப்புச் சத்தத்துக்குப் பிள்ளைகள் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். உரசிய இடத்தை மினுக்கிப் புளோரைட் பூசிவிட்டால் வேலை முடிந்தது.

மேல்தாடை ஒடுங்கியிருந்தால், அண்ணத்தில் திருகாணி வைத்து விரிக்கலாம். ஒரு கால் திருப்பு, கால் மில்லிமீற்றர். வளரும் வயதில்தான் இது இலகு. அண்ண எலும்பின் நடுப்பொருத்து விலகும்போது முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழும், பெற்றோர் பதறிப்போவார்கள். வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

குறை 8, 10 என்று ஏறினால் உரசி மாளாது. வேட்டைப்பல்லுக்குப் பின்னால் நிற்கும் முன்கடைவாய்ப்பல் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் அகலம். ஒரு தாடையில் இரு பக்கமும் ஒவ்வொன்று எடுத்தால் 14. மேலும் கீழுமாக நாலு பல் புடுங்கும் கணக்கு இதுதான்.

புடுங்கலாமா கூடாதா என்ற சண்டை நூறு வருடத்துக்கு மேல் பழசு. அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள் ஒரு பல்லையும் தொடக்கூடாது என்றார். அவருடைய மாணவர் சார்ள்ஸ் ருவீட், தான் சீராக்கிய பற்கள் மறுபடி குலைவதைக் கண்டு, புடுங்கித் திரும்பச் செய்தார். அவுஸ்திரேலியாவில் ரேமண்ட் பெக், அங்குள்ள பழங்குடியினரின் மண்டையோடுகளை ஆராய்ந்து 1954இல் ஒரு கட்டுரை எழுதினார். முரட்டு உணவை மென்று மென்று பல்லின் பக்கங்கள் தேய்ந்ததால் இடம் தானாகக் கிடைத்தது. நம்முடைய மென்மையான சாப்பாட்டில் அது நடக்காததால் புடுங்க வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். எல்லோரும் ஏற்கவில்லை.

முரட்டு உணவு என்றதும் எனக்குப் புழுக்கொடியல், அதுதான் அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, ஞாபகம் வந்தது. அப்பு, ஆச்சிமாரின் பல் வரிசைக்கு அதுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டமாட்டேன். பல்லின் அளவும் தாடையின் அளவும் பரம்பரையாகவும் வருபவை. கம்பி கட்டியிருக்கும் காலத்திலோ புழுக்கொடியல் ஆகவே ஆகாது, பல்லில் ஒட்டிய பிரக்கெற் கழன்று கையில் வரும். பனங்கிழங்குத் தும்பு கம்பியில் சுற்றிக்கொண்டால் கண்ணாடிக்கு முன்னால் அரை மணித்தியாலம் நிற்க வேண்டியதுதான்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது பால்பல். "விழப்போற பல்லுத்தானே, புடுங்கிவிடுங்கோ" என்கிறோம். பால் கடைவாய்ப்பற்கள் அவற்றின் இடத்துக்கு வரும் நிலையான பற்களைவிட அகலமானவை. பால் வேட்டைப்பல்லையும் சேர்த்துக் கணக்கிட்டால், கீழ்த்தாடையில் மிச்சம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 1.7 மில்லிமீற்றர். செலவில்லாமல் கிடைக்கும் இடம். சூத்தையென்று பால் கடைவாய்ப்பல்லை முந்திப் புடுங்கினால், 6 வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல், வருடா வருடம் கதியாலை நகர்த்தி நடும் பக்கத்துக் காணிக்காரரைப்போல, மெல்ல முன்னுக்கு வந்துவிடும். உள்ளே காத்திருக்கும் பல்லுக்கு வழி அடைபடும்.

புடுங்கத்தான் வேண்டுமென்றால், இடத்தைக் காக்கும் வளையம் போடலாமா என்று அன்றைக்கே கேளுங்கள். பின் கடைவாய்ப்பல்லில் மாட்டும் பட்டி, அதிலிருந்து முன்பக்கம் நீளும் கம்பிக் கண்ணி, அவ்வளவுதான். புதுப்பல் தலைகாட்டியதும் கழற்றிவிடுவார்கள்.

(அடுத்த கிழமை: கம்பி கழற்றிய பல் ஏன் திரும்ப ஓடுகிறது?)