விராலிமலைக்கு ஒரு கிறுக்கல் ரோபோ

என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு விராலிமலைப் பக்கம் ஏதாவது பள்ளிக்குப் போறீங்களா? லேப்ல செஞ்ச லைன் ஃபாலோயரைத் தூக்கிட்டுப் போகாதீங்க. பசங்க கை தட்டுவாங்க, ஆனா நாம தொட விடமாட்டோம். பேப்பர் கப் போதும்.

கப்பைக் கவிழ்த்து, மூணு ஸ்கெட்ச் பேனாவைக் கால் மாதிரி ஒட்டுங்க. மேலே 3 வோல்ட் பொம்மை மோட்டார், ரெண்டு பென்சில் பேட்டரி. மோட்டார் தண்டில் ரப்பர் துண்டை நடுவில் குத்தாமல் ஓரமாகக் குத்துவதுதான் சூட்சுமம். எடை ஒரு பக்கமாக இருப்பதால், சுற்றும்போது கப்பே அதிரும். பேனாக்கள் துள்ளித் துள்ளி சார்ட்டில் வட்டம் வட்டமாகக் கிறுக்கும். பல போன்கள் வைப்ரேட் ஆவதும் இதே கணக்குதான். நடுவில் குத்தினால்? சொல்லிடாதீங்க, அவங்களே செஞ்சு பாக்கட்டும். மயில்கள் உலாவும் ஊர் அது. கலர் பேப்பரில் தோகை ஒட்டினால் ஆடும் மயில் ரெடி.

பட்டன் செல் மட்டும் வேண்டவே வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

சென்சாரே இல்லை, இது ரோபோவா என்று நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஒருத்தர் கட்டாயம் கேட்பார். நியாயம்தான். அங்கேதான் கதை வேணும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற ரோபோ நாய் புத்தகம் படிக்கும், யோசிக்கும். நாவல் பெரியவங்களுக்கானது, ஜீனோவை மட்டும் கதையாச் சொல்லுங்க. அப்புறம் மயிலை மேசை மேல விடுங்க. விளிம்புக்கு வந்ததும் விழும். ஜீனோ விழுமா? ஏன் விழாது?

இன்னும் ஐடியா வேணும்னா, ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத்தந்த அரவிந்த் குப்தாவின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கிளம்பும்போது மோட்டாரைத் திருப்பி வாங்கிடாதீங்க. ரெண்டு வயரையும் மாத்திப் போட்டா என்ன ஆகும்னு அவங்க இன்னும் பாக்கல.